கிரவல் ரோட்டும் எயர் பில்டரும்

ஏ9 வீதியில் மட்டும் ஓடுகிற மோட்டர் சைக்கிளுக்கு இந்தப் பதிவு தேவையில்லை. வன்னியில் மாங்குளத்திலோ முறிகண்டியிலோ இறங்கி மல்லாவி, அக்கராயன், ஒட்டுசுட்டான் பக்கத்து உள் ரோட்டுகளில் தினமும் ஓடுகிறவர்களுக்குத்தான் எழுதுகிறேன். வைகாசி தொடங்கி, தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று ஓயும் வரை கிரவல் காய்ந்து மாவாகிப் போய்விடும். முன்னால் ஒரு டிப்பர் போனால் ரோட்டே தெரியாது. அந்தப் புழுதியைத்தான் எஞ்சினும் இழுக்கிறது. அதை எஞ்சினுக்குள் விடாமல் பிடிக்கிற வடிகட்டிதான் எயர் பில்டர்.

கையேட்டில் இருக்கிற சேர்விஸ் இடைவெளி சாதாரண ரோட்டுக்குப் போட்ட கணக்கு. புழுதியான இடங்களில் எயர் பில்டரை இன்னும் அடிக்கடி பார்க்கவும் என்று அதே கையேட்டில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். வன்னிக்கு அந்த வரிதான் சட்டம். கோடையில் 500 கிலோமீற்றருக்கு ஒருக்கா பில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். பில்டரை மாற்றுகிற காலத்தையும் கையேடு சொல்வதில் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள். விலை கூடின ஒயிலாகக் கேட்டு வாங்குகிற ஆட்கள் வருடக்கணக்கில் பில்டர் பெட்டியைத் திறக்காமல் ஓடுவதைப் பார்த்தால் எனக்கு உண்மையில் மனவருத்தம்தான். புழுதி உள்ளே போய்க்கொண்டிருந்தால் எந்த ஒயிலாலும் எஞ்சினைக் காப்பாற்ற முடியாது.

திறந்ததும் என்ன வகை என்று பாருங்கள். ஸ்பொஞ்ச் என்றால் மண்ணெண்ணெயில் கழுவலாம். பெற்றோல் வேண்டாம், ஸ்பொஞ்சும் பசையும் கெட்டுவிடும், தீப்பிடிக்கிற ஆபத்தும் உண்டு. முறுக்கிப் பிழியாமல் உள்ளங்கையால் அமத்தி எடுத்து, நிழலில் முற்றாகக் காயவிட்டு, கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டுப் பிசைந்து, மிச்ச ஒயிலையும் அமத்தி எடுத்துவிட்டுப் போடுங்கள். ஒயில் கூடினால் காற்றுப் போகாது, பிளக் கறுக்கும்.

காய்ந்த கடதாசி பில்டர் என்றால் தண்ணீர் காட்டவே கூடாது. உள்ளிருந்து வெளியே காற்றடிக்க வேண்டும். அதுவும் 30 பி.எஸ்.ஐ. அளவில், சற்றுத் தள்ளிப் பிடித்து. கராஜில் டயருக்கு அடிக்கிற அதே கொம்பிறசர் குழாயைக் கிட்டப் பிடித்தால் கடதாசி கிழியும். கிழிந்தது வெளியில் தெரியாது. வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசித்துளை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் எறிந்துவிட வேண்டியதுதான். தொட்டால் எண்ணெய்ப்பசை பிடிக்கிற கடதாசி மூன்றாவது வகை. அதற்குக் காற்றும் அடிக்கக் கூடாது, கழுவவும் கூடாது. அழுக்கானால் புதியது.

அடைபட்ட பில்டர் எஞ்சினை உடனே கொல்லாது. இழுவை குறையும், கார்பிரேற்றர் (பெற்றோலையும் காற்றையும் கலக்கிற பாகம்) உள்ள வண்டி என்றால் பெற்றோல் கூடக் குடிக்கும், பிளக்கில் கரி படியும். ஆபத்து, ஓட்டை விழுந்த பில்டரும் சரியாக உட்காராத பில்டரும்தான். பில்டரைக் கழற்றின கையோடு, கார்பிரேற்றருக்குப் போகிற ரப்பர் குழாயின் உள்பக்கத்தைச் சுத்தமான விரலால் தடவிப் பாருங்கள். அந்தப் பக்கம் பில்டரைத் தாண்டி வந்த காற்றின் பக்கம், விரலில் ஒன்றும் ஒட்டக் கூடாது. சிவப்பாகத் தூள் ஒட்டினால் எங்கேயோ களவாகக் காற்றுப் போகிறது: பில்டர் விளிம்பின் ரப்பர் நசுங்கியிருக்கும், மூடியில் ஒரு ஸ்குறூ இல்லாமல் இருக்கும், அல்லது குழாய் வெடித்திருக்கும். புழுதியில் இருக்கிற மணல் துகள் சிலிண்டர் இரும்பையே தேய்க்கும். பிஸ்டன் ரிங் தேயும், போர் (சிலிண்டரின் உள்சுவர்) தேயும், சைலன்சரில் நீலப் புகை வரும், ஒயில் குறையும். பிறகு சிலிண்டரைக் கடைந்து போர் அடிக்கிற செலவுதான். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி 2025இல்தான் தனியாருக்குத் திறந்தது. திறந்த பிறகும் புதியதின் விலை பலருக்கு எட்டாது. இருக்கிற எஞ்சினைத்தான் காப்பாற்ற வேண்டும்.

அடுத்தது செயின். திறந்த செயினில் ஒயிலை ஊற்றி ஊற்றி விட்டால் புழுதி அதில் ஒட்டி, அரைக்கிற பசையாகி, செயின் ஓடுகிற பல்சில்லின் பல்லைத் தின்னும். பழைய எஞ்சின் ஒயில் விடுகிற பழக்கத்தை விடுங்கள். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்து, துணியால் துடைத்து, கீழ்ச் செயினின் உள்பக்கத்தில் மெல்லிதாகச் செயின் ஒயில் விட்டுச் சில்லைச் சுற்றி, சற்று ஊறவிட்டு மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தளர்வு நடுவில் 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கலாம், சில்லைச் சுற்றிச் செயின் ஆக இறுகுகிற இடத்தில் அளக்க வேண்டும். பெட்டிபோல முழுக் கவர் போட்ட மொடல்களில் செயின் நீண்ட நாள் உழைக்கும். கரடு ரோட்டுக்காரர் வண்டி வாங்கும்போது அலங்காரத்தைவிட இதைப் பார்க்கலாம்.

ஒயிலைப் பொறுத்தவரை கையேட்டில் உள்ள தடிப்பும், போத்தலில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்ற மோட்டர் சைக்கிள் ஒயிலுக்கான தர அடையாளமும் இருந்தால் போதும். காருக்கான ஒயில் விட்டால் கிளச் வழுக்கலாம்.

ஓடுகிற விதமும் பில்டரின் ஆயுளில் சேரும். டிப்பருக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். புழுதி அடங்கும் வரை நின்று போவது மேல். புழுதிக்குள் முந்தப் போனால் எதிரே வருகிறவனுக்கும் உங்களைத் தெரியாது, பகலிலும் லைட்டைப் போடுங்கள். தார் ரோட்டிலிருந்து கிரவலுக்கு இறங்கும் திருப்பத்தில் வேகத்தை முதலே குறைத்துவிடுங்கள். சரளையில் சரிந்தபடி முன் பிரேக்கைப் பிடித்தால் முன் சில்லு வழுக்கும்.

ஐப்பசி மழைக்கு முன் இன்னொருக்கா பெட்டியைத் திறவுங்கள். அடியில் இருக்கிற வடிகுழாயில் கோடைப் புழுதி அடைத்திருந்தால் மழைத் தண்ணீர் வடியாமல் பில்டரில் ஏறும். குளத்துத் தண்ணீர் பாயும் ரோட்டைக் கடந்து கடதாசி பில்டர் நனைந்துவிட்டால் காயவைத்துப் போடாமல் மாற்றிவிடுங்கள்.