ஒரு பிள்ளையின் டப்பாவுக்கு மாதம் எவ்வளவு அரிசி?

"ஆர்கானிக்கா கட்டிக் கொடுக்க ஆசைதான், கட்டுப்படியாகணுமே" என்று சொல்லாத பெற்றோர் குறைவு. வீட்டு மளிகை முழுவதையும் மாற்றுவதாகக் கணக்குப் போட்டால் அது உண்மைதான். பிள்ளையின் மதியச் சாப்பாட்டு டப்பாவை மட்டும் தனியாக எடுத்துக் கணக்குப் போட்டால் விஷயம் வேறு.

அளவுக்கு நம்பகமான ஒரு கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. அரசுப் பள்ளி மதிய உணவுக்கான மத்திய அரசின் அளவின்படி, 1 முதல் 5 வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய், 5 கிராம் எண்ணெய். 6 முதல் 8 வரை 150, 30, 75, 7.5 கிராம். சின்ன வகுப்புக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம் கிடைக்க வேண்டும். பெரிய வகுப்புக்கு 700 கலோரி, 20 கிராம் புரதம். எல்கேஜி, யுகேஜி பிள்ளைக்கு இதில் பாதியோ கொஞ்சம் கூடவோ போதும்.

மாதம் 22 பள்ளி நாள் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 2.2 கிலோ அரிசி, அரை கிலோவுக்கும் குறைவான பருப்பு, 1.1 கிலோ காய், 110 கிராம் எண்ணெய். அவ்வளவுதான். இந்தச் சின்ன மூட்டையை மட்டும் நஞ்சில்லாமல் விளைந்ததாக வாங்குவது பெரும்பாலான வீடுகளில் முடிகிற காரியம். தனி டப்பாக்களில் போட்டு, பள்ளிச் சமையலுக்கு மட்டும் எடுங்கள்.

அதிலும் எதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம் என்று பிரித்துக்கொள்ளலாம். தினமும் உள்ளே போகும் அரிசிக்கும் பருப்புக்கும் கொடுக்கலாம். காயில் பூச்சிமருந்து அதிகம் வாங்குபவை கத்தரி, வெண்டை, காலிஃபிளவர், பச்சைமிளகாய். கறிவேப்பிலை, புதினா, மல்லித்தழை மூன்றையும் சிலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இலையின் மேல் நேரடியாக மருந்து படும். இலையை அப்படியே அரைத்துச் சாப்பிடுகிறோம். கறிவேப்பிலையை ஒரு தொட்டியில் வளர்த்துவிட்டால் அந்தக் கவலை தீரும். தேங்காய், முருங்கைக்காய், வாழைத்தண்டு, சேனை, பூசணி இவற்றுக்குச் சந்தைக் காயே போதும்.

உப்புத் தண்ணீரிலோ புளித் தண்ணீரிலோ 15 நிமிடம் ஊறவைத்து இரண்டு தடவை அலசினால் மேலே படிந்தது ஓரளவு போகும். செடிக்குள் ஊடுருவும் மருந்து அடித்திருந்தால் எந்தத் தண்ணீரிலும் போகாது.

மஞ்சள்தூளைத் தனியாகச் சொல்ல வேண்டும். நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலப்பது பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. பளபளவென்று மெருகேற்றாத விரலி மஞ்சள் வாங்கி, காயவைத்து, மிளகாய்த்தூள் அரைக்கும்போது கூடவே அரைத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் நீங்கள் செய்யக்கூடிய மாற்றங்களில் இது மிக மலிவானது, மிக முக்கியமானதும்கூட.

கடையில் எதைப் பார்ப்பது

பாக்கெட்டில் "நேச்சுரல்", "கெமிக்கல் ஃப்ரீ", "பண்ணையிலிருந்து நேரடியாக" என்று எழுதியிருந்தால் அது சான்று ஆகாது. பார்க்க வேண்டியது ஜைவிக் பாரத் போன்ற, அரசு அங்கீகரித்த ஆர்கானிக் முத்திரை. அதற்குப் பின்னால் இரண்டு வகைச் சான்று இருக்கலாம். ஒன்று என்பிஓபி (மத்திய அரசின் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம்), தனி நிறுவனமோ, தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசின் சான்றளிப்புத் துறையோ ஆய்வு செய்து தருவது. இன்னொன்று பிஜிஎஸ், விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்து உறுதிசெய்வது. பிஜிஎஸ்-இல் "கிரீன்" என்று போட்டிருந்தால், அந்த நிலம் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரசாயனத்தை நிறுத்தினாலும் நெல் போன்ற பயிருக்கு 2 வருடம், மா, தென்னை போன்றவற்றுக்கு 3 வருடம் கழித்துத்தான் முழுச் சான்று கிடைக்கும்.

முத்திரை இல்லாத விவசாயியை உடனே சந்தேகப்படவும் வேண்டாம். வருடத்துக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் வியாபாரம் செய்து, சாப்பிடுபவருக்கு நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்குச் சான்று கட்டாயமில்லை என்று சட்டமே சொல்கிறது. அவரிடம் பேச்சுக் கொடுங்கள். எந்தப் பட்டத்து நெல், எந்த மில்லில் அரைத்தது, பூச்சி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். வேப்பங்கொட்டைக் கரைசல், மீன் அமிலம், பத்திலைக் கஷாயம் என்று சொல்பவர், எத்தனை டேங்குக்கு எவ்வளவு ஊற்றுவார் என்பதையும் சொல்வார். உண்மையில் செய்பவருக்கு அளவு நாக்கு நுனியில் இருக்கும். வருடம் முழுக்க ஒரே சைஸில் தக்காளியும் காலிஃபிளவரும் வைத்திருக்கும் "இயற்கை அங்காடி"யில்தான் கேள்வி அதிகம் கேட்க வேண்டும்.

வாங்கியதை அதிக நாள் வைக்க முடியாது. மருந்துப் புகை போடாத அரிசியில் வண்டு சீக்கிரம் வரும். தவிடு நீக்காத அரிசியில் எண்ணெய்ப்பசை இருப்பதால் சிக்கு வாடையும் அடிக்கும். 2 கிலோ, 3 கிலோவாக வாங்குங்கள். பருப்பை வாங்கியதும் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் 4 நாள் வைத்து எடுத்தால் உள்ளே இருக்கும் பூச்சி முட்டை செத்துவிடும். வெளியே எடுத்து, ஈரம் போன பிறகே பையைப் பிரிக்க வேண்டும். நிலக்கடலையில் சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது ஒன்றுகூட இருக்கக் கூடாது. அந்தப் பூசண நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. ஆர்கானிக் கடலை என்றாலும் இதே கதைதான்.

ஏழு மணிக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில்

நல்ல அரிசி, நல்ல பருப்பு, நல்ல காய் எல்லாம் வாங்கியும் டப்பா பாதியாகத் திரும்பி வருகிறது என்றால், காரணம் பெரும்பாலும் இந்த ஐந்தரை மணி நேரம்தான். அடுப்பிலிருந்து இறக்கியதும் எப்படி இருக்கிறது என்று ருசி பார்க்கிறோம். பிள்ளை சாப்பிடுவது வேறு ஒரு சாப்பாட்டை.

முதலில் அரிசி. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் இரண்டும் நல்ல அரிசிகள். ஆறினால் விறைத்துக்கொள்ளும், பிள்ளைகளுக்கு மென்று முடியாது. சாப்பாட்டு இடைவேளை முடிந்து மணி அடித்துவிடும். அவற்றை இட்லி மாவுக்கு ஒதுக்குங்கள்: 4 பங்கு இட்லி அரிசி போடும் இடத்தில் 2 பங்கு இட்லி அரிசி, 2 பங்கு இவற்றில் ஒன்று. டப்பா சாதத்துக்குத் தூயமல்லி, ஆத்தூர் கிச்சிலிச் சம்பா, கலந்த சாதத்துக்குச் சீரகச் சம்பா பொருந்தும். பட்டை தீட்டாததாக இருந்தால் குறைந்தது ஒரு மணி நேரம் ஊறட்டும். சாமை, குதிரைவாலி ஆறினால் உதிரி உதிரியாகக் காய்ந்து தொண்டையை அடைக்கும். ஒன்றுக்கு மூன்று தண்ணீர் வைத்துக் குழைய வேகவிட்டுத் தயிர்ச்சாதமாகவோ பொங்கலாகவோ கொடுத்தால்தான் உள்ளே இறங்கும். கருப்புக் கவுனி பள்ளி நாளுக்கு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை இனிப்புக்கு இருக்கட்டும்.

சூடு அடுத்தது. சாதத்தை ஆவி பறக்க சாதாரண எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினால், ஆவி மூடியில் தண்ணீராகி மேல் சாதத்தில் சொட்டும். மதியம் திறந்ததும் வரும் அந்தப் புழுங்கின வாடைக்கே பிள்ளை மூடி வைத்துவிடும். தட்டில் பரப்பி 10 நிமிடம் ஆவி போகவிட்டு அடையுங்கள். சூடு தாங்கும் குடுவை என்றால் நேர்மாறு: கொதிக்கும் தண்ணீர் ஊற்றி 10 நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, சாப்பாட்டைக் கொதிக்கக் கொதிக்கக் கழுத்துவரை நிரப்ப வேண்டும். பாதிக் குடுவை வேகமாக ஆறிவிடும். வெதுவெதுப்பாக ஐந்து மணி நேரம் கிடப்பதுதான் கிருமி வளர ஏற்ற நிலை.

நேற்று ராத்திரி வெளியே கிடந்த சாதத்தைக் காலையில் எலுமிச்சை சாதமாகக் கிளறுவது பல வீட்டில் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அரிசியில் இருக்கும் ஒரு வகைப் பாக்டீரியாவின் வித்துகள் வெந்தாலும் சாகாது. சாதம் வெளியில் கிடக்கும்போது முளைத்து நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அரிசி ஆர்கானிக்காக இருந்தாலும் வித்து இருக்கும்.

நம் ஆட்கள் வழிப்பயணத்துக்குக் கட்டுச்சோறாகப் புளியோதரையையும் தயிர்ச்சாதத்தையும் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது இங்கே புரியும். புளிப்பில் அந்தக் கிருமிகள் சுலபமாக வளராது. நல்லெண்ணெயில் சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சல் கலந்த சாதம் டப்பாவுக்கு மிகவும் பத்திரமானது. எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகே பிழியுங்கள், கொதித்தால் கசந்துவிடும். சுடச்சுடப் புளிப்புச் சாதத்தை அலுமினியத் தாளில் சுற்றாதீர்கள். புளிப்பு அலுமினியத்தைக் கரைக்கும். தேங்காய்ச் சாதம் எல்லாவற்றையும் விட முன்னால் கெடும். தேங்காயைப் பொன்னிறமாக, ஈரம் போகும்வரை வறுக்க முடியாத காலையில் அதைச் செய்ய வேண்டாம். பச்சைத் தேங்காய்ச் சட்னிக்கும் டப்பாவில் இடம் இல்லை. இட்லி கொடுத்தால் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியைத் தடவிவிடுங்கள்.

தயிர்ச்சாதம் அடிக்கடி தப்பாகப் போகும், அதனால் அளவோடு சொல்கிறேன். குழைய வெந்த சாதம் 1 கப், சூட்டோடு மசிக்கவும். காய்ச்சி வெதுவெதுப்பாக ஆறிய பால் முக்கால் கப். தயிர் 1 மேசைக்கரண்டி, சித்திரை வைகாசி வெயிலில் அரைக்கரண்டி. உப்பு. காலையில் கஞ்சி மாதிரி ஓடும். பயப்பட வேண்டாம், மதியத்துக்குள் பால் உறைந்து கெட்டிப்படும். முழுக்கத் தயிரிலேயே பிசைந்தால் பல் கூசப் புளிக்கும். சாதமோ பாலோ கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது தயிர் விட்டால் திரிந்துபோகும். வெள்ளரிக்காய் தண்ணீர் விடும், வெங்காயம் வாடை அடிக்கும். மாதுளை முத்து தாங்கும்.

சாம்பார் சாதமும் இதே தர்மம்தான்: சாதம் நேரம் ஆக ஆகத் தண்ணீரை இழுக்கும், அதனால் காலையில் "ரொம்பத் தளர்வோ" என்று தோன்றும் பதத்தில் அடையுங்கள்.

புரதத்தில்தான் நம் டப்பாக்கள் பெரும்பாலும் தோற்கின்றன. எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வயிற்றை நிரப்பும். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 7 கிராம் புரதம், உருளையில் சொல்லும்படி இல்லை. 12-ஐத் தொடவே தொடாது. கூடவே ஓர் அவித்த முட்டை வைத்தால் 6 கிராம் ஏறும். முட்டை சாப்பிடாத வீட்டில் 30 கிராம் மூக்கடலையை (கொண்டைக்கடலை) ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் சுண்டலாக்கினால் கிட்டத்தட்ட அதே அளவு. எலுமிச்சை சாதத்தோடு சுண்டல் வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: எலுமிச்சையின் வைட்டமின் சி, கடலையின் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். 4 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முழுக் கடலையும் முழுத் திராட்சையும் வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கும். கடலையை மசித்தும் திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கியும் கொடுங்கள்.

கீரையைப் பொரியலாக வைத்தால் மதியம் சொதசொதவென்று கறுத்துக் கிடக்கும். முருங்கைக்கீரையை அடை மாவில் போடுங்கள், அல்லது நிழலில் உலர்த்திப் பருப்புப்பொடியோடு அரையுங்கள். நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான். காலை இடைவேளைக்குக் கடலைமிட்டாய் ஒரு துண்டு போதும், மற்ற நாளில் கொய்யா, வாழைப்பழம்.

சாயங்காலம் திரும்பி வரும் டப்பாவைக் கழுவப் போடும் முன் ஒரு நிமிடம் திறந்து பாருங்கள். சாதம் கட்டியாக ஒரு பக்கம் ஒதுங்கி இருந்தால் தண்ணீர் போதவில்லை. காயை மட்டும் தின்றுவிட்டுச் சாதம் மிஞ்சினால் அளவு அதிகம், அடுத்த நாள் ஒரு கரண்டி குறையுங்கள். மூடியின் உள்பக்கம் விரல் வைத்துப் பாருங்கள். கொழகொழப்பு இருந்தால் அன்று ஆறவிடாமல் மூடியிருக்கிறீர்கள். மூடியின் ரப்பர் வளையத்தைத் தினமும் கழற்றித் தேய்த்துக் காயவையுங்கள், நல்ல சாப்பாடும் ஊசிய வாடை அடிப்பது பல தடவை அந்த வளையத்தில் தேங்கின பழைய அழுக்கால்தான்.