பச்சை லைட்டு வர்றதுக்கு முன்னாடி

"உனக்கு பேட்டரி முக்கியமா, போட்டோ முக்கியமா?" நான் கல்யாண போட்டோ எடுக்கற ஸ்டுடியோவோட ஓனர் அண்ணன் கேட்டது இது ஒண்ணுதான். அன்னிக்கு நான் பதில் சொல்லல. இப்பவும் வண்டி ஓட்டிட்டுப் போறப்ப திடீர்னு மனசுக்குள்ள அவருக்குப் பதில் சொல்லிட்டு இருக்கேன், ஒவ்வொரு தடவையும் வேற வேற பதில்.

முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி, ரிசப்ஷன் முடிஞ்சு கேமரா பிளாஷுக்குப் போடற பேட்டரி செல்லு நாலையும் சார்ஜர்ல போட்டுட்டு படுத்தோம். சித்திரை மாசம், ரூம்ல ஏசி கிடையாது. தம்பி எழுப்பி "அண்ணே, செல்லு தொடவே முடியல"ன்னான். தொட்டுப் பாத்தா நிஜமாவே விரல் வைக்க முடியல, ஒரு செல்லுல மேல் உறை ஓரமா சுருங்கியே போச்சு, லைட்டு மட்டும் இன்னும் சிவப்புதான். பிளக்கை உருவிட்டேன். போன் பண்ணா அண்ணன் "சார்ஜ் ஏறினா சூடாகத்தான்டா செய்யும், பச்சை வரட்டும்"னாரு. நான் திரும்பப் போடல.

காலைல தாலி கட்டற நேரத்துல ஒரு ஷாட் அடிச்சா அடுத்ததுக்கு பிளாஷ் ரெடியே ஆகல. இன்னொரு செட் செல்லு கேண்டிட் எடுக்கறவர்கிட்ட இருந்தது. கம்மி வெளிச்சத்துலயும் படம் விழறதுக்கு கேமராவுல ஐஎஸ்ஓவ ஏத்தி, வீடியோ லைட்டுலயே சமாளிச்சேன். படம் இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு வீட்டுக்காரங்க ஆயுசுக்கும் பாக்கப்போற படம் அப்படி வந்திருக்கக் கூடாது, அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல.

அண்ணன் சொன்னதுல பாதி சரிதான். எங்களோடது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை செல்லு, சார்ஜ் ஏறும்போதே கொஞ்சம் சூடு விடும். ஆனா நிறைஞ்ச பிறகும் கரண்ட் போய்ட்டே இருந்தா உள்ள ஆக்சிஜன் உண்டாகி, அது திரும்ப உள்ளயே சேர்ந்து, போற கரண்ட் எல்லாம் சூடாத்தான் மாறும். நல்ல சார்ஜர்னா நிறையற நேரத்துல வோல்டேஜ் சில மில்லிவோல்ட் இறங்கறத கண்டுபிடிச்சு நிறுத்தும், இல்லன்னா சூடு நிமிஷத்துக்கு 1 டிகிரி கணக்குல ஏறறத பாத்து நிறுத்தும். எங்க சார்ஜர் வெறும் டைமர். அந்தப் பச்சை லைட்டுக்கு நேரம் முடிஞ்சதுதான் தெரியும், செல்லு நிறைஞ்சதா வெந்துச்சான்னு தெரியாது. செல்லு பெரும்பாலும் வெடிக்காது, பிரஷர் ஏறினா வால்வு திறந்து வெளிய விட்டுடும், ஆனா உள்ள இருக்கறது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, தோல்ல பட்டா புண்ணாக்கிடும், தம்பி அதுக்குப் பக்கத்துலதான் தலை வச்சுப் படுத்திருந்தான். அதனால எடுத்தது சரி.

சரின்னு சொல்லிட்டு அங்கயே நிக்க முடியல. நாலு குழிக்கு ரெண்டே லைட்டு உள்ள சார்ஜர் அது, ஜோடி ஜோடியாத்தான் ஏத்தும். ஜோடில ஒண்ணு முன்னாடியே நிறைஞ்சு கொதிக்கறப்ப இன்னொண்ணு பாதிலதான் இருந்திருக்கும், நான் ரெண்டையும் சேர்த்து எடுத்துட்டேன். பிளாஷ்ல நாலும் வரிசையா நிக்குது, ஒண்ணு சோர்ந்தா நாலும் சோர்ந்த மாதிரிதான். ஆறவிட்டு மறுபடி போட்டிருக்கலாமேன்னு தம்பியே கேட்டான். போட்டா டைமர் மறுபடி முதல்லேர்ந்து ஓடும்டா, நிறைஞ்ச செல்லுக்கு இன்னொரு முழு ராத்திரி, அது தப்பில்லையான்னேன். தப்புதான். ஆனா அரை மணி போட்டு நானே பக்கத்துல உக்காந்து பாத்திருக்கலாமோன்னும் தோணுது.

இன்னொண்ணும் இருக்கு. பழைய செல்லுல உள் ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டுக்கு உள்ளயே இருக்கற தடை, ஏறிடும், அது நிறையாமலே முதல்லேர்ந்தே சூடாகும், 45 டிகிரிக்கு மேல போய்ட்டா சார்ஜ் ஏறறதும் குறைஞ்சுடும். அப்படின்னா நான் விட்டிருந்தாலும் காலைல இதேதான் நடந்திருக்கும்.

அப்புறம் கெப்பாசிட்டி, அதாவது செல்லு எவ்வளவு சார்ஜ் தாங்கும்னு, காட்டற சார்ஜர் ஒண்ணு என் காசுல வாங்கி நாலையும் போட்டுப் பாத்தேன். செல்லு மேல 2500 எம்ஏஎச்னு எழுதியிருந்தது, ரெண்டு செல்லு பாதி கூட தாங்கல, மத்த ரெண்டு நல்லாவே இருந்தது. அண்ணன்கிட்ட காமிச்சேன். அவர் பாத்துட்டு, "சரி, அன்னிக்கு எது எதுகூட ஜோடியா இருந்துச்சு?"ன்னாரு. நல்ல கேள்வி, அதுல எனக்கு அவர்மேல மரியாதைதான் வந்துச்சு. ரெண்டு சோர்ந்ததும் ஒரே ஜோடியா இருந்திருந்தா வெந்துபோனதுதான் காரணம், மாறி மாறி இருந்திருந்தா நான் எடுத்ததும் ஒரு காரணமா இருக்கலாம். ராத்திரில உருவினது, எது எந்த ஜோடில இருந்துச்சுன்னு யாரும் பாக்கல. இப்ப எல்லா செல்லுலயும் மார்க்கர்ல நம்பர் போட்டிருக்கேன், அந்த டைமர் சார்ஜர் மட்டும் இன்னும் ஸ்டுடியோ அலமாரிலதான் இருக்கு, யாரும் தூக்கிப் போடல.