காபூல் ரொக்கப் புத்தகம்

13 டிசம்பர் 2021, திங்கள்

காலையில் டாலருக்கு ஒரு விலை, நண்பகல் லுஹர் தொழுகைக்குள் இன்னொரு விலை. மாலை அஸர் நேரத்தில் சராய் ஷாஹ்ஸாதாவில் யாரும் விலையே சொல்லவில்லை. ஆகஸ்டில் தாலிபான் காபூலைப் பிடிக்கும் முன் 80 ஆப்கானி அளவில் கிடந்த டாலர் இப்போது 100-ஐத் தாண்டி ஓடுகிறது. மாவுக்கடைக்காரர் கதவைப் பாதி சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு விற்ற காசில் நாளைக்கு அதே மூட்டையை வாங்க முடியாதாம். கணக்கெழுதிப் பிழைக்கிறவன் நான், மறுத்துப் பேச ஒன்றுமில்லை.

சராய் என்பது காபூல் ஆற்றை ஒட்டிய பழைய பஜாருக்குள் இருக்கும் பணச் சந்தை. எங்கள் ஊரில் உண்டியல் என்பதை இங்கே ஹவாலா என்கிறார்கள். வங்கி ஓர் ஆளுக்கு வாரம் இவ்வளவுதான் என்று அளந்துதான் தரும். அதற்கே விடியுமுன் வரிசை. நாட்டின் சேமிப்பில் 700 கோடி டாலர் நியூயார்க்கில் முடங்கிக் கிடக்க, எங்கள் கிளினிக் நர்சுகளின் சம்பளத்தை நான் ஒரு துணிப்பையில் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

வந்த நோட்டுகளில் பாதிக்கு உயிரில்லை. புது நோட்டு வெளிநாட்டில் அச்சாகி வரவேண்டியது, வரவில்லை. ஒரு 20 ஆப்கானி நோட்டில் காகிதத்தைவிட செலோடேப் அதிகம். காவலாளி காக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு இது புதிதில்லை. 2002 கடைசியில் பழைய ஆயிரத்துக்குப் புதிய ஒன்று என்று மாற்றிக் கொடுத்தார்களே, அதற்கு முன் பஜாருக்குப் போகும்போது பணத்தைச் சாக்கில் எடுத்துப்போய், சாமானைக் கையில் தூக்கி வருவாராம். வடக்கே படைத்தலைவர் தோஸ்தும் தனியாக அடித்த நோட்டுக்கு அதைவிடவும் மதிப்புக் குறைவு, 2,000 கொடுத்தால்தான் புதிய ஒன்று. எந்த வருடம் எந்தக் கட்சி காபூல்மேல் ராக்கெட் விட்டது என்பதில் அவருக்குக் குழப்பம் வரும். எந்த வருடம் மாவு என்ன விலை என்பதில் வராது.

காக்கா என்று அவரை அழைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நொடி தடுக்கும். காயல்பட்டினத்தில் காக்கா என்றால் அண்ணன். இங்கே வாப்பாவின் உடன்பிறந்தவர். அவரோ என்னை இஞ்சினியர் சாஹிப் என்கிறார். நான் கணக்கன் என்று எத்தனை தரம் சொன்னாலும், பேனா பிடித்தவரெல்லாம் இங்கே இஞ்சினியர்தான்.

21 டிசம்பர், செவ்வாய்

இன்றிரவு யல்தா. வருடத்தின் நீண்ட இரவு. நாளையிலிருந்து சில்லா, நாற்பது நாள் கடுங்குளிர். காக்கா வீட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்.

சந்தலி போட்டிருந்தார்கள். குட்டை மேசைக்கடியில் கரித்தணல் சட்டி, மேலே அறை முழுக்க விரியும் ரஜாய், பஞ்சு மெத்தைப் போர்வை. எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கால்களை உள்ளே நீட்டிக்கொள்ள வேண்டும். முதுகு உறையும், முட்டி வேகும். யல்தாவுக்கு மாதுளையும் தர்பூசணியும் வேண்டும். மாதுளை ஒன்றே ஒன்று இருந்தது. பேத்தி அதை உதிர்த்து, எட்டுப் பேருக்கும் எண்ணி எண்ணி வைத்தாள். எட்டாம் வகுப்பு முடிக்க வேண்டியவள், ஆகஸ்டிலிருந்து வீட்டில் இருக்கிறாள். என் பங்கில் இரண்டு முத்து கூடுதல் என்று கண்டுபிடித்துச் சொன்னேன். விருந்தாளிக்கு எண்ணக்கூடாதாம்.

ஒரு பொட்டலம் பெருங்காயம் கொடுத்தார்கள். மலைச்செடியின் வேரைக் கீறி வடித்த அசல் பால். இவர்கள் சமையலில் இது அதிகம் கிடையாது. இதை என்னதான் செய்கிறீர்கள் என்று காக்காவின் மனைவி கேட்டார். உங்கள் மலை இல்லாமல் எங்கள் சாம்பார் இல்லை, காலா என்றேன். இங்கே சித்தியைக் காலா என்பார்கள். அந்த நாற்றத்தையா, என்றார்.

7 ஜனவரி 2022, வெள்ளி

பனி. முதல் பனிக்கு இங்கே ஒரு விளையாட்டு உண்டு: "பனி என்னுடையது, பர்ஃபி உன்னுடையது" என்று சீட்டு எழுதி நண்பர் வீட்டில் சேர்த்துவிட்டால் அவர் விருந்து வைத்தாக வேண்டும். கொண்டுவந்தவனைப் பிடித்துவிட்டாலோ அனுப்பியவர் தலையில் விழும். பர்ஃப் என்றால் பனி, நம் பர்ஃபி இல்லை.

இந்த வருடம் தெருவில் ஒருவரும் சீட்டு அனுப்பவில்லை.

12 பிப்ரவரி, சனி

முடங்கிய 700 கோடியில் பாதியை ஆப்கானியர் நலனுக்கு ஒதுக்கி, மீதியை செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களின் குடும்பங்கள் போட்ட வழக்குகளுக்காகத் தடுத்துவைக்க நேற்று பைடன் உத்தரவிட்டிருக்கிறார். அந்த விமானங்களைக் கடத்தியவர்களில் ஒரு ஆப்கானியரும் இல்லை. அலுவலகத்தில் எல்லோரும் கத்தினார்கள். காக்கா மட்டும், வந்தால் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு நான் ரொட்டி வாங்கப் போனார்.

நானும் கூடப் போனேன். ரொட்டி ஒன்று 10 ஆப்கானி. விலை மாறவில்லை, கனம்தான் குறைகிறது. தந்தூரிலிருந்து எடுத்துப் போடும்போதே தெரிகிறது, போன வருடத்து ரொட்டி மடங்காது, இது மடங்குகிறது. கடை வாசலில் முகம் மூடிய நீலச் சாதரி அங்கி போட்ட பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், பனிச்சேற்றில். பதினேழு பேர். கையேந்தவில்லை, பேசவில்லை. வாங்குகிறவர்கள் இரண்டு கூடுதலாக வாங்கிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது எழுதாத வழக்கம். முன்பு நாலைந்து பேர்தான் இருப்பார்களாம். ஓரமாக இருந்தவரின் காலில் ஆபீசுக்குப் போகிற ஷூ. காக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு ரொட்டியை நீட்டினார். தெரிந்தவரா என்று நான் கேட்கவில்லை.

27 பிப்ரவரி, ஞாயிறு

இரண்டு நாளாக வீடுவீடாகச் சோதனை. எங்களிடமும் வந்தார்கள், ஆறு தாலிபான் பையன்கள். ஒருவனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. ஆயுதம் தேடினார்கள். என் பெருங்காய டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தவன் சட்டென்று மூடிவிட்டான். தொலைக்காட்சியில் உக்ரைன். கீவ் நகரத்துச் சுரங்க ரயில் நிலையத்தில் குழந்தைகள் படுத்திருந்ததை அந்தப் பையன்களும் இரண்டு நிமிடம் நின்று பார்த்தார்கள்.

11 மார்ச், வெள்ளி

காக்காவின் ஊருக்குப் போய்வந்தேன். வர்தக் மாகாணம், சையதாபாத் பக்கம். காபூல்–காந்தகார் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரமும் ஆகாது. அவர் போய் ஒன்பது வருடமாகிறதாம். எங்கள் கிளினிக் கணக்கைப் பார்க்க நான் போக வேண்டியிருந்தது, அவரையும் ஏற்றிக்கொண்டேன். ஒரு வருடத்துக்கு முன் இந்தச் சாலையில் என்னை அனுப்பியிருக்கவே மாட்டார்கள். இப்போது சண்டை நின்றதால் பேருந்துகள் ஓடுகின்றன, கல்யாண ஊர்வலம்கூட ஒன்று எதிரே வந்தது. இதைச் சொன்னால் நகரத்து நண்பர்களுக்குக் கோபம் வரும். ஆனால் கிராமத்தில் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறார்கள்: ராத்திரி தூங்குகிறோம்.

சாலை கொத்திப்போட்டது போலக் கிடக்கிறது. குண்டு வைத்த பள்ளங்கள், பாதி விழுந்த பாலங்கள். பள்ளம் வந்தால் டிரைவர் வேகத்தைக் குறைக்காமல் வயலுக்குள் இறக்கி ஏற்றுகிறார், பழக்கம்.

காக்காவின் அண்ணன் வீட்டில் ஆப்பிள் கொடுத்தார்கள். வர்தக் என்றாலே ஆப்பிள்தான். மண்சுவர் அறைக்குள் வைக்கோலில் புதைத்து வைத்தது, தோல் சுருங்கி, தேனாக இருந்தது. பிறகு கபருஸ்தானுக்கு நடந்தோம். அண்ணனின் இரண்டு மகன்கள் அங்கே. மூத்தவன் அரசு ராணுவம், இளையவன் தாலிபான். இரண்டு கபருக்கும் நடுவே நான்கு முழம். இளையவன் தலைமாட்டில் வெள்ளைக் கொடி புதிதாக ஆடிக்கொண்டிருந்தது. மூத்தவன் தலைமாட்டில் வெறும் கம்பு. கொடியை யார் எடுத்தார்கள் என்று காக்கா கேட்டார். நான்தான், வேறு யாராவது எடுப்பதற்கு முன்னால், என்றார் அண்ணன். அவர்கள் உம்மா வந்து இரண்டுக்கும் ஒரே செம்பிலிருந்து தண்ணீர் தெளித்தார்.

திரும்பும்போது காக்கா பேசவில்லை. மைதான் ஷஹர் தாண்டியதும், அங்கே கிளினிக்கில் மருந்து இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். பாரசிட்டமால் இருக்கிறது என்றேன்.

21 மார்ச், திங்கள்

நவ்ரோஸ், இங்கத்துப் புத்தாண்டு, 1401 பிறந்தது. இந்த வருடம் அரசு விடுமுறை இல்லை. காலா ஏழு பழம் ஊறவைத்த ஹஃப்த் மேவா அனுப்பியிருந்தார், எண்ணிப் பார்த்ததில் ஐந்துதான். புதன்கிழமை பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி திறக்கிறார்கள். காக்கா 1,500 ஆப்கானி முன்பணம் வாங்கினார். ரொக்கப் புத்தகத்தில் "பேத்தி பள்ளிச் செலவு: சப்பாத்து (ஷூ), நோட்டு" என்று எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொண்டேன். டேப் ஒட்டாத நோட்டுகளாகப் பொறுக்கிக் கொடுத்தேன்.

23 மார்ச், புதன்

ஏழு மணிக்குப் போனவள் ஒன்பதரைக்குத் திரும்பிவிட்டாள். ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் வேண்டாம், சீருடை முடிவாகட்டும் என்று உத்தரவாம். வகுப்பில் உட்கார்ந்து வருகை எடுத்த பிறகு வந்து சொன்னார்களாம். கறுப்பு அங்கி, வெள்ளைத் துப்பட்டாவோடு எங்கள் வாசல் பெஞ்சில் தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். "மாந்தா நபாஷி" என்றேன், களைத்துப் போகாதே என்று சொல்வது இங்கே வெறும் வணக்கம்தான். "ஸிந்தா பாஷி" என்று பதில் வந்தது, தரையைப் பார்த்தபடி.

மாலையில் காக்கா என் மேசைக்கு வந்தார். அந்த முன்பணத்தில் 'பள்ளிச் செலவு' என்பதை எடுத்துவிட்டு 'சப்பாத்து' என்று மட்டும் போடச் சொன்னார். சப்பாத்து எப்படியும் தேவைதானே, இஞ்சினியர் சாஹிப்.

ரொக்கப் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் கூடாது, காக்கா, என்றேன். கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, அப்படியே இருக்கட்டும் என்று கேட்டைப் பூட்டப் போனார்.