ஒற்றைச் சிலிப்பர்

போன தீபாவளிக்கு முந்தின வாரம், சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு சீனப் பெண்மணி "அங்கிள், அங்கிள்!" என்று கூப்பிட்டபடி வேகமாக வந்தார், கையில் ஒரு சிலிப்பர். என்னுடையது. குனிந்து பார்த்தால் வலது கால் வெறுங்காலாக இருக்கிறது. மீன்கடைகளுக்கு நடுவில், அந்த ஈரத் தரையில்தான் கழன்றிருக்க வேண்டும். அங்கிருந்து படி இறங்கி, வெயிலில் நடைபாதை ஏறி, ஒற்றைச் சிலிப்பரோடு இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன், கால் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் சிரித்தார், நானும் சிரித்துவைத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கை நடுங்கியது.

எனக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், வந்து 17 வருஷம் ஆகிறது. கால் ஒரே நாளில் மரத்துப்போகவில்லை. முதலில் விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி, அப்புறம் ராத்திரியில் எரிச்சல், போர்வை பட்டாலே சுள்ளென்று இருக்கும். ஒரு கட்டத்தில் எரிச்சல் தானாகவே குறைந்தது. சரி, குணமாகிறது என்று சந்தோஷப்பட்டு, பாகற்காய்க்கு நன்றி சொன்ன ஆள் நான். நரம்பு சேதி அனுப்புவதையே நிறுத்திக்கொண்டிருக்கிறது என்பது அப்போது தெரியாது.

பலதுறை மருந்தகத்தில் வருஷா வருஷம் பாதப் பரிசோதனை செய்வார்கள். நான் இரண்டு தடவை தட்டிக் கழித்தேன், மூன்றாவது தடவை மகள் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டாள். தாதி கையில் ஒரு நைலான் நூல், மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி. 10 கிராம் அழுத்தத்தில் வளையுமாம். "கண்ணை மூடிக்குங்க, பட்டா சொல்லுங்க" என்றார். மூடிக்கொண்டு காத்திருந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்து, "எப்பம்மா ஆரம்பிக்கப் போறீங்க?" என்று கேட்டேன். அறையில் யாரும் பேசவில்லை. கண்ணைத் திறந்தால் மகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாதி ஏற்கெனவே ஒரு பாதத்தை முடித்துவிட்டு அடுத்ததில் பாதியில் இருந்தார்.

ஏன் பாதத்தில் தொடங்குகிறது என்று டாக்டரிடம் கேட்டேன். இடுப்பிலிருந்து கால் விரல் வரை போகிற நரம்புதான் உடம்பிலேயே நீளமானது, சர்க்கரை கெடுக்கும்போது அதன் நுனிதான் முதலில் போகும் என்றார். பி12 ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார், ஏனென்றால் சர்க்கரைக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த வைட்டமின் குறையலாம், குறைந்தால் அதுவும் இதே மாதிரி மரத்துப்போக வைக்கும். எனக்குக் குறைவாகத்தான் இருந்தது, ஊசி போட்டார்கள். நீங்களும் நீண்ட நாளாக அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், அடுத்த தடவை டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

மரத்துப்போனால் மரத்துப்போகட்டும், வலியாவது இல்லையே என்று நினைத்ததுதான் என் பெரிய தப்பு. நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று இடத்திலிருந்து தகவல் வருகிறது, கண், உள்காது, அப்புறம் கால். எனக்குக் கால் போய்விட்டது, அந்த வேலையையும் கண் இழுத்துப்போட்டுச் செய்கிறது. அதனால் வெளிச்சத்தில் நடக்கும்போது யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கண்ணை மூடினால்தான் குட்டு உடையும். குளியலறையில் தலைக்கு ஷாம்பு போட்டு, நுரை கண்ணில் இறங்குகிறதே என்று இரண்டு கண்ணையும் மூடினேன், அவ்வளவுதான். கீழே தரை இருக்கிறதா என்றே தெரியவில்லை. கொடியில் தொங்கின துண்டைப் பிடித்தேன், கொடியோடு வந்தது. நல்லவேளை, கழிப்பறைத் தொட்டியின் மூடிமேல் உட்கார்ந்த மாதிரி விழுந்தேன்.

இப்போது பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்துதான் குளிக்கிறேன். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) ஈஸ் திட்டத்தில், அதாவது முதியோர் இருக்கும் வீட்டைப் பாதுகாப்பாக மாற்றித் தருகிற திட்டத்தில், விண்ணப்பித்தோம், வீட்டில் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் இருந்தால் விண்ணப்பிக்கலாம். கைப்பிடிக் கம்பிகள் பொருத்தி, குளியலறைத் தரை வழுக்காமல் இருக்க ஏதோ பூசிவிட்டும் போனார்கள். செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. ராத்திரி கழிப்பறைக்குப் போகிற வழியில் இரண்டு குட்டி விளக்குகள் எரியும், மின்கட்டணத்தைப் பற்றி என் மனைவி இதுவரை வாய் திறக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். இன்னொன்று, முகம் கழுவும்போது ஒரு விரலைச் சுவரில் வைத்துக்கொள்கிறேன். பிடிக்கக்கூட வேண்டாம், சும்மா பட்டால் போதும், ஆட்டம் பாதிக்கு மேல் அடங்கிவிடுகிறது. இயன்மருத்துவர் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை.

ஷூவைத் தட்டிப் பார்க்காமல் போடுவதில்லை. ஒரு நாள் சாயங்காலம் கழற்றினபோது உள்ளே 20 காசு கிடந்தது. காலையிலிருந்து அதன் மேலேயே நடந்திருக்கிறேன், பாதத்தில் வட்டமாகப் பதிந்து, ஓரம் சிவந்து போயிருந்தது. கல்லோ ஆணியோ என்றால் என்ன ஆகியிருக்கும்? பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கிற ஷூ வாங்கித் தருகிறேன் என்று மகன் நின்றான், வேண்டாம் என்றுவிட்டேன், அதில் நின்றால் எனக்குப் படகில் நிற்கிற மாதிரி இருக்கிறது. அப்புறம் என் அத்தை, உப்புப் போட்ட வெந்நீரில் காலை ஊறவைக்கச் சொல்லி இன்னும் போன் பண்ணுகிறார். வேண்டவே வேண்டாம். சூடு தெரியாத காலை வெந்நீரில் வைத்தால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். கோயிலிலும் அதே கதை, உச்சி வெயிலில் பிரகாரத்துக் கல்லில் மற்றவர்கள் துள்ளித் துள்ளி ஓடுவார்கள், நான் மட்டும் நிதானமாக நடப்பேன், பக்தி என்று நினைத்திருப்பார்கள். இப்போது காலை ஏழு மணிக்கே போய்வந்துவிடுகிறேன்.

கைத்தடிக்குத்தான் ரொம்ப நாள் அடம்பிடித்தேன். "விழுந்து இடுப்பு எலும்பை ஒடைச்சுக்கிட்டா நான்தாங்க பாக்கணும்" என்றாள் மனைவி, அதற்கு மேல் என்ன பேசுவது. தடி இருந்தால் ஒரு லாபம், பஸ்ஸில் நான் உட்காரும்வரை ஓட்டுநர் வண்டியை எடுப்பதில்லை. சாலை கடக்கும்போது மூத்தோர் சலுகை அட்டையைச் சிக்னல் கம்பத்தில் தட்டினால் பச்சை மனிதன் கூடுதலாகச் சில வினாடி நிற்பான், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 வினாடி வரை. அட்டை பையில் இருந்தும் எத்தனை நாள் தட்டாமல் நின்றிருக்கிறேன், யாராவது பார்ப்பார்களே என்று.

எங்கள் புளோக் கீழே காலையில் சீன ஆன்ட்டிகள் தைச்சி உடற்பயிற்சி செய்கிறார்கள். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒற்றைக் காலில் மூன்று எண்ணும்வரை நிற்கிறேன், நாலில் தூணைத் தொட்டுவிடுவேன். எண்பது வயது ஆன்ட்டி ஒருவர் பத்து எண்ணிவிட்டுத் திரும்பி என்னைப் பார்ப்பார்.

குதிகாலில் வார் வைத்த செருப்பு வாங்கியாகிவிட்டது, அது கழன்றுபோகாது. பழைய சிலிப்பர் ஜோடி இன்னும் வாசலில்தான் கிடக்கிறது, குப்பைக் குழாயில் போடுங்கள் என்று மனைவி தினமும் சொல்கிறாள். போடவேண்டும்.