டிஸ்க் இல்லாத லேப்டாப்

6 பிப்ரவரி 2021, சனி

அப்பாவின் லேப்டாப் இன்று முழுதாகப் படுத்துவிட்டது. கறுப்புத் திரையில் 'பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்' (விண்டோஸைத் துவக்கும் நிரலைக் காணோம்) என்று ஒரே ஒரு வரி, அதோடு சரி. 2010-இல் வாங்கியது. விண்டோஸ் 7 ஹோம் பிரீமியம், 32 பிட்.

வேறு கணினியாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அப்பா எடுத்த படங்களின் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்யும் கருவிக்கு 32 பிட் விண்டோஸுக்கான டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) மட்டும்தான் உண்டு. வீட்டில் அது ஓடுவது இந்த லேப்டாப்பில்தான். பாதி நெகட்டிவ்கள் இன்னும் பாக்கி.

விண்டோஸ் டிஸ்க் எங்கே என்றால், வாங்கும்போதே தரவில்லை. முதல் தடவை ஆன் செய்தபோது, நான்கு காலி டிவிடிகளைப் போட்டு மீட்பு டிஸ்க் தயாரித்துக்கொள்ளச் சொன்னது. 'பிறகு' என்று அழுத்தியது நான்தான். அந்தப் பிறகு வரவேயில்லை.

7 பிப்ரவரி, ஞாயிறு

கோப்புகளை வெளியே எடுக்காமல் வேறு எதிலும் கை வைப்பதில்லை என்று உட்கார்ந்தேன். இன்னொரு கணினியில் லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பை எழுப்பினேன். உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் ஓடும் என்பதால் இந்த வேலைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அப்பாவின் ஃபோல்டர்கள் எல்லாம் தெரிந்தன. மொத்தம் 41 ஜிபி. யுஎஸ்பி 2.0 வழியாக அரை மணி நேரத்தில் முடிய வேண்டியது, மூன்று மணி நேரம் ஆனது. சில கோப்புகளில் டிஸ்க் திணறித் திணறி நின்றது. ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்புகளை, பார்த்தேன். படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதிகள்) நூற்றுக்கு மேல். அதாவது விண்டோஸ் கெட்டுப்போனதல்ல, டிஸ்க் சாகிறது. இதே டிஸ்க்கில் மறுபடி விண்டோஸ் போட்டிருந்தால் ஒரு மாதத்தில் திரும்பவும் இதே இடத்தில் நின்றிருப்பேன். மாற்று டிஸ்க்காக எஸ்எஸ்டி ஒன்று சொல்லியாயிற்று.

9 பிப்ரவரி, செவ்வாய்

டிஸ்க் தராத கணினிகளில் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கிலேயே மீட்புக்கென்று ஒரு மறைவான பார்ட்டிஷன் (தனிப் பகுதி) வைத்திருப்பார்கள். பார்ட்டிஷன்களைக் காட்டும் ஜிபார்ட்டெடில் பார்த்தால் முதலிலேயே நிற்கிறது, 12 ஜிபி. அதை எழுப்பும் விசையை அழுத்தினால் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் இதில் லினக்ஸும் சேர்த்துப் போட்டிருந்தேன். அப்போது டிஸ்க்கின் முதல் செக்டரில் இருந்த பூட் நிரல் மாறியிருக்கும். விசையைக் கவனிக்க அங்கே இப்போது யாரும் இல்லை.

பழைய 320 ஜிபி டிஸ்க்கை டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல் கொண்டு அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுக்க விட்டுவிட்டுத் தூங்கப் போகிறேன்.

10 பிப்ரவரி, புதன்

நகலில் பூட் கொடியை (எந்தப் பகுதியிலிருந்து துவங்க வேண்டும் என்ற குறி) அந்த மறைவான பார்ட்டிஷனுக்கு மாற்றினேன். வந்தது! பத்து வருடம் கழித்து அந்த நீல மீட்புத் திரையைப் பார்த்ததில் அத்தனை சந்தோஷம். ஆனால் மீட்பு 67 சதவீதத்தில் நின்றுவிட்டது. மூன்று தடவை முயன்றேன், மூன்றும் அதே இடம். படிக்க முடியாமல் போன செக்டர்களில் சில, விண்டோஸின் முழு நகலான அந்த மீட்பு இமேஜுக்குள்ளேயே இருந்திருக்கின்றன. இந்த வழி அடைபட்டது.

11 பிப்ரவரி, வியாழன்

இனி மிச்சம் லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்டிக்கர்; விண்டோஸின் கீ, அதாவது உரிமக் குறியீடு, அதில்தான் அச்சாகியிருக்கிறது. மடியில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து 25 எழுத்துகளில் ஏழெட்டு மங்கிப்போயிருக்கின்றன. பழைய டிஸ்க்கின் ரெஜிஸ்ட்ரியிலிருந்து (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) கீயை எடுக்கலாமே என்று தோன்றும். அதில் கிடைப்பது அந்தத் தயாரிப்பாளர் தன் கணினிகளுக்கெல்லாம் பொதுவாகப் போட்ட கீ. அது பயாஸில் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) உள்ள ஓர் அட்டவணையோடு சேர்ந்து வேலை செய்வது. இந்தக் கணினிக்கென்றே தந்தது ஸ்டிக்கரில் இருப்பதுதான்.

டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, மொபைலில் படமெடுத்து, கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். விண்டோஸ் 7 கீயில் வரக்கூடியவை 24 குறிகள் மட்டும் என்பது இங்கே பெரிய கைகொடுப்பு. ஏ, இ, ஐ, ஓ, யூ கிடையாது. எல், என், எஸ், இஸட்டும் கிடையாது. எண்களில் 0, 1, 5 இல்லை. ஆக வட்டமாக ஒன்று தெரிந்தால் அது சைபரும் அல்ல, ஓவும் அல்ல; டி அல்லது க்யூ. இப்படிக் கழித்துக் கழித்து இரண்டு இடங்களுக்கு வந்துவிட்டேன். ஒன்று பி-யா 8-ஆ, மற்றது ஜி-யா 6-ஆ. நான்கு சாத்தியங்கள். தவறான கீயை நிறுவும்போதே மறுத்துவிடும், ஆகவே பயமில்லை.

13 பிப்ரவரி, சனி

நண்பர் தன் விண்டோஸ் 7 டிவிடியைக் கொடுத்தார். 32 பிட், ஆனால் புரொஃபெஷனல். அது பரவாயில்லை. எல்லாப் பதிப்புகளும் அதே டிவிடியில்தான் இருக்கின்றன. எதைக் காட்டுவது என்று சொல்வது சோர்ஸஸ் ஃபோல்டரில் உள்ள இஐ.சிஎஃப்ஜி என்ற சின்னக் கோப்பு. பென்டிரைவுக்கு மாற்றி அதை நீக்கியதும் ஐந்து பதிப்புகளின் பட்டியல் வந்தது. ஹோம் பிரீமியத்தைத் தேர்ந்தெடுத்தேன். உரிமம் கீயில் இருக்கிறது, டிஸ்க் வெறும் ஊடகம். யாரோ எங்கோ ஏற்றிவைத்த, ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன (உரிமச் சரிபார்ப்பு முடிந்ததாகக் காட்டும்) இமேஜை எடுப்பதைவிட இது நூறு மடங்கு மேல்.

மூன்றாவது கீ ஏற்றுக்கொண்டது: 8, ஜி.

14 பிப்ரவரி, ஞாயிறு

நெட்வொர்க் இல்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறிகள், அதாவது டிரைவர்கள் இல்லை. ஹார்ட்வேர் ஐடியில் வெண்டர் (தயாரிப்பாளர்) எண்ணைப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும்: 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக். லேன் (நெட்வொர்க்) சிப் ரியல்டெக். புதிய டிரைவரை முயன்றேன், கையொப்பம் சரியில்லை என்றது. எஸ்ஹெச்ஏ-2 என்ற புது வகை டிஜிட்டல் கையொப்பத்தை ஏற்கும் அப்டேட் இதில் இன்னும் இல்லை. பழைய டிரைவர் உடனே உட்கார்ந்தது.

இணையம் வழி ஆக்டிவேஷன் மறுக்கப்பட்டது. சரி, தொலைபேசி. திரையில் இருந்த 54 எண்களை ஆறு ஆறாக அழுத்தி, பதிலுக்கு வந்த 48 எண்களை எழுதிக்கொண்டேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தொகுதியையும் நிதானமாக வாசித்தார், நான் தட்டினேன். ஆக்டிவேட் ஆனது.

ஸ்கேனர் டிரைவர் அதன் தயாரிப்பாளரின் தளத்தில் இப்போது இல்லை. ஆனால் போன ஞாயிறு காப்பாற்றிய 41 ஜிபியில், அப்பாவின் டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குள், 2011-இல் இறக்கிய அதே கோப்பு கிடந்தது.

டிஸ்க்கை நகலெடுக்கும் குளோன்சில்லாவில் முழு இமேஜ் எடுத்து வெளி டிஸ்க்கில் வைத்தேன். கீயைக் காகிதத்தில் எழுதி, ஸ்டிக்கர் மேல் ஒளி ஊடுருவும் டேப் ஒட்டினேன். லேன் வயரையும் பிடுங்கிவிட்டேன். 2020 ஜனவரி 14-க்குப் பிறகு இதற்குப் பாதுகாப்பு அப்டேட் வருவதில்லை, ஸ்கேனருக்கு இணையம் தேவையுமில்லை.

"விளக்கு எரியுதுப்பா" என்றார் அப்பா. முதல் நெகட்டிவ் பட்டையை அதற்குள் ஸ்கேனரில் செருகிவிட்டிருந்தார்.