அடிக்கு ஒரு நூல்

என் மேசையில் இரண்டு ஸ்கேல்கள் இருக்கின்றன. ஒன்று இங்கே ஹூஸ்டனில் வாங்கியது. இன்னொன்று அப்பாவுடையது. பட்டறையை மூடிவிட்டார் என்று கேள்விப்பட்டு ஊருக்குப் போனபோது கேட்டு வாங்கி வந்தேன். இரண்டின் இடது ஓரத்தையும் ஒட்டி வைத்துப் பார்த்தால் 1, 2, 3 வரை ஒன்றும் தெரியாது. 6-ஐத் தாண்டும்போது கோடுகள் லேசாக விலக ஆரம்பிக்கும். 12-க்கு வரும்போது அப்பாவின் ஸ்கேல் ஒரு நூல் நீளமாக நிற்கும்.

நூல் என்றால் தச்சர் கணக்கில் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். எங்கள் வீட்டில் அம்மா ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போதுகூட "ரெண்டு நூல் புடிச்சா போதும்" என்றுதான் சொல்வார்.

கோயம்புத்தூர் கணபதியில் அப்பாவுக்குப் பேட்டர்ன் பட்டறை. பம்ப் உடம்பை வார்ப்பதற்கு முன்னால் மணலில் அச்சுப் பதிக்க வேண்டும். அந்த அச்சுக்கு மரத்தில் செய்யும் மாதிரிதான் பேட்டர்ன். தேக்கில் இழைத்து, மூலைகளை மழுக்கி, மணலிலிருந்து உரசாமல் வெளியே வரும்படி பக்கங்களில் துளி சரிவு கொடுத்துச் செய்வார். ஆறாம் வகுப்பில் வீட்டுப்பாடம் செய்ய அந்த ஸ்கேலை எடுத்தேன். என் ஸ்கேலோடு ஒத்துப் பார்த்துவிட்டு, "உங்க ஸ்கேல் தப்புங்கப்பா" என்று போய் நின்றேன். அப்பா கையில் இருந்த உளியைக் கீழே வைத்தார். "தப்பில்ல சாமி. இரும்பு உருகி ஊத்துறப்ப ஒரு அளவு, ஆறுனதும் ஒரு அளவு. வார்ப்பிரும்பு அடிக்கு ஒரு நூல் சுருங்கும். சுருங்குறத முன்னாடியே சேத்துத்தான் மரத்த வெட்டணும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டா தப்பு வரும்னு, ஸ்கேலையே நீட்டி அடிச்சுட்டாங்க" என்றார்.

வரைபடத்தில் இருக்கும் அளவு வேறு, கையால் வெட்டும் அளவு வேறு என்பதை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். இருபத்தைந்து வருஷம் கழித்து, ஒரு கம்யூனிட்டி காலேஜ் வகுப்பறையில் அதையே வேறு மொழியில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் படித்தது பி.காம். கல்யாணமாகி, வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குக் கொடுக்கும் எச்-4 விசாவில் வந்தேன். அந்த விசாவில், கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்துக்கு வந்து தனி அனுமதி வாங்கும்வரை, வேலைக்குப் போக முடியாது. ஆனால் படிக்கத் தடை இல்லை. இது பலருக்குத் தெரியாது, எனக்கும் ஆறு வருஷம் தெரியாது. தெரிந்த பிறகு, ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: "சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ் பண்ணுங்க, மூணு மாசத்துல வேலை." அன்பில் சொன்னார்கள். அந்த வழியில் போய் நன்றாக இருப்பவர்களும் எனக்குத் தெரிந்து இருக்கிறார்கள். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. என் பையனை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போகும் வழியில் காலேஜ் வளாகம் ஒன்று வரும். ஒருநாள் உள்ளே போய் என்னென்ன படிப்பு இருக்கிறது என்று கேட்டேன். பட்டியலில் 'டிராஃப்டிங் அண்ட் டிசைன் டெக்னாலஜி', அதாவது தொழில் வரைபடம் போடும் படிப்பு, என்று பார்த்ததும் வேறு எதையும் படிக்கவில்லை.

அப்பா போனில் கேட்டார், "அது காலேஜா, ஐடிஐயா கண்ணு?" இரண்டும்தான் என்றேன். இந்த வகைக் காலேஜ் அமெரிக்காவில் 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் என்ற ஊரில் 6 மாணவர்களோடு ஆரம்பித்தது. இரண்டு வருஷப் படிப்பு, ஏறக்குறைய 60 கிரெடிட். முடித்துவிட்டு வேலைக்கும் போகலாம், சில பாடங்களைக் கொண்டுபோய்ப் பல்கலைக்கழகத்திலும் சேரலாம். டெக்சாஸில், காலேஜின் எல்லைக்குள் குடியிருந்தால் கட்டணம் குறைவு. அந்த எல்லைக்குள் இருக்கும் வீடுகளின் சொத்துவரியில் ஒரு பங்கு காலேஜுக்குப் போகிறது. கணினியில் வரைவதற்கான ஆட்டோகேட் மென்பொருள் மாணவர்களுக்கு இலவசம். எனக்குச் செலவு என்று பெரிதாக ஆனது பெட்ரோலுக்கும், என் இரண்டு மாலை நேரங்களுக்கும்தான். செவ்வாயும் வியாழனும் 6 மணிக்குப் போனால் 9 மணிக்குத்தான் வெளியே வருவேன். அந்த இரண்டு நாளும் வீட்டில் தோசையோ உப்புமாவோ கணவர் கையால்.

முதல் செமஸ்டரில் ஓர் இடத்தில் இடறினேன். ஒரு பொருளை முன்னாலிருந்து, மேலிருந்து, பக்கத்திலிருந்து என்று மூன்று பார்வையில் வரைய வேண்டும். நான் மேல்பார்வையை முன்பார்வைக்குக் கீழே போட்டேன். அப்பாவின் பட்டறையில் ஆணியடித்து மாட்டியிருந்த படங்களில் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் அந்தத் தாளைச் சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்தார். இந்தியாவில் வழக்கம் ஃபர்ஸ்ட் ஆங்கிள், அமெரிக்காவில் தேர்ட் ஆங்கிள். இங்கே மேல்பார்வை மேலேதான் வர வேண்டும். ராத்திரி அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு அது புதிதே இல்லை. "வெளிநாட்டு ஆர்டர் வந்தா அப்படித்தான் வரும். எந்த முறைன்னு தெரிய, மொதல்ல மூலையில இருக்குற கூம்பு சிம்பலப் பாக்கணும். அதப் பாக்காம உளியைத் தொடக் கூடாது" என்றார். அவர் படித்தது எட்டாம் வகுப்பு. இரண்டு முறையிலும் வந்த படங்களை நாற்பது வருஷம் படித்து மரத்தில் செய்திருக்கிறார். அதை ஒரு திறமை என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. இப்போது நினைக்கிறேன்.

இந்தச் செமஸ்டரில் பைப்பிங் டிராஃப்டிங். ஹூஸ்டனில் அது இல்லாமல் இருக்க முடியாது. ஊரின் கிழக்கே கப்பல் கால்வாய் ஓரமாகப் போனால் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயன ஆலைகளும் வரிசையாக வரும், கண்ணுக்கெட்டிய தூரம் பைப்தான். எங்கள் ஆசிரியர் முப்பது வருஷம் அந்த ஆலைகளுக்குப் பைப் வரைந்தவர். முதல் வகுப்பில் 6 இஞ்சு பைப் துண்டு ஒன்றை மேசையில் வைத்து, அளந்து பார்க்கச் சொன்னார். வெளி விட்டம் 6 இஞ்சு இல்லை, 6⅝. உள் விட்டமும் 6 இல்லை. 6 என்பது அந்தப் பைப்பின் பெயர், அவ்வளவுதான். 12 இஞ்சு வரைக்கும் இப்படி. 14-லிருந்து பெயரும் வெளி விட்டமும் ஒன்றாகிவிடும்.

மற்றவர்கள் தசமத்தில் மனப்பாடம் செய்தார்கள். எனக்கு நூலில்தான் ஏறியது. 2 இஞ்சு பைப்புக்கு மேலே மூணு நூல். 4-க்கு நாலு நூல். 6-க்கும் 8-க்கும் அஞ்சு நூல். 10-க்கும் 12-க்கும் ஆறு நூல். பக்கத்து நாற்காலியில் வெனிசுவேலாவிலிருந்து வந்த ஒருவர் இருக்கிறார், அங்கே பொறியாளராக இருந்தவர். மில்லிமீட்டரிலேயே வாழ்ந்தவருக்கு இந்த அரைக்கால், அரைக்கால் கணக்கு வேதனையாக இருந்தது. இஞ்சை எட்டு நூலாக எண்ணும் கணக்கை அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது அவரும் "நூல்" என்றே சொல்கிறார். கணபதித் தச்சர்களின் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்கும்போது எனக்கு உள்ளே ஏதோ செய்கிறது.

ஐசோமெட்ரிக் படம்தான் இந்தப் பாடத்தின் உயிர். 30 டிகிரி சாய்ந்த கோடுகளில் ஒரு பைப் வரிசை முழுவதையும் ஒரே தாளில் காட்டுவது. வடக்கு எந்தப் பக்கம் என்று ஒரு அம்புக்குறி. இந்தப் படம் அளவுக்கு ஏற்ப வரையப்படுவதில்லை, 20 அடி பைப்பும் 2 அடி பைப்பும் தாளில் ஒரே நீளமாக இருக்கலாம். ஆகவே எல்லாமே எண்களில்தான் நிற்கிறது. எழுதிய எண் தப்பானால் காப்பாற்ற வேறு எதுவும் இல்லை. இப்போதெல்லாம் முப்பரிமாண மாடலிலிருந்து கணினியே ஐசோமெட்ரிக்கை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. அப்புறம் எதற்குக் கையால் கணக்கிட வேண்டும் என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. "கணினி கொடுத்ததைச் சரி பார்க்கப்போவது யார்?" என்று ஆசிரியர் திருப்பிக் கேட்டார். எனக்கு அந்தப் பதில் போதும்.

போன மாதம் கொடுத்த வேலை இது. ஒரு பம்ப்பின் வெளிவாயிலிருந்து ஒரு டேங்க்கின் வாய் வரை 6 இஞ்சு பைப். பம்ப் வாயின் முகத்திலிருந்து, பைப்பைத் திருப்பும் வளைவுத் துண்டான முதல் எல்போவின் மையம் வரை 4 அடி. அந்த 4 அடிக்குள் பைப் எவ்வளவு நீளம் வெட்ட வேண்டும்? எல்போவுக்கு 9 இஞ்சு, பைப் முனையில் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டான ஃபிளாஞ்சுக்கு 3½ இஞ்சு. 48-இல் இரண்டையும் கழித்தேன். 35½ என்று எழுதிக் கொடுத்தேன்.

தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் சின்னதாக, "மூன்று எட்டில் ஒன்றுகள் எங்கே போயின?" என்று எழுதியிருந்தார்.

இரண்டு ஃபிளாஞ்சுக்கு நடுவில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் வரும், அது ஒரு நூல் கனம். ஃபிளாஞ்சும் பைப்பும் சேருமிடத்தில் வெல்டிங் உள்ளே இறங்க ஒரு நூல் இடைவெளி விட வேண்டும். பைப்பும் எல்போவும் சேருமிடத்தில் இன்னொரு நூல். வெல்டிங் இடைவெளியைச் சில இடங்களில் பட்டறைக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். எங்கள் வகுப்பில் நாங்கள்தான் கணக்கில் கொண்டுவர வேண்டும். ஆக, வெட்ட வேண்டியது 35 இஞ்சு 1 நூல். நான் மூன்று நூல் நீளமாகக் கொடுத்திருந்தேன்.

மூன்று நூல் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆசிரியர் சொன்னார்: பைப் பொருந்தவில்லை என்றால் அங்கே நிற்பவர்கள் சங்கிலி போட்டு இழுத்து எப்படியாவது போல்ட்டை மாட்டிவிடுவார்கள். அந்த இழுவிசை முழுக்கப் பம்ப்பின் வாயில் போய் உட்காரும். உள்ளே சுழலும் தண்டு நேர்கோட்டிலிருந்து விலகும். பேரிங் சூடாகும், சீல் கசியும். பம்ப் கெட்டுவிட்டது என்று பம்ப்பை மாற்றுவார்கள், பைப்பை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அப்பா செய்த மாதிரிகளிலிருந்து வார்த்த எத்தனையோ பம்ப்புகளின் வாய்களை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த வாயில் இப்படி ஒரு சுமையை என் தாள் ஏற்றிவிடும் என்று நினைத்தபோது, மதிப்பெண் போனதைவிட அதுதான் உறுத்தியது.

திருத்திக் கொடுக்க ஒரு வாரம் அவகாசம். புதன்கிழமை ராத்திரி பம்ப் பக்கத்தைச் சரி செய்து, மொத்தத்தையும் புதிதாக வரைந்து, அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அங்கே வியாழன் காலை. அண்ணனிடம் கொடுத்து அச்செடுத்துக்கொண்டு, பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"பம்ப் பக்கம் கூட்டிப் பாத்தேன் கண்ணு. கேஸ்கெட் ஒரு நூல், ஃபிளாஞ்சு மூணு இஞ்சு நாலு நூல், ஒரு நூல் சந்து, பைப் முப்பத்தஞ்சு இஞ்சு ஒரு நூல், இன்னொரு சந்து, எல்போ ஒம்பது. நாலு அடி கரெக்டா வருது."

"சரிங்கப்பா."

"அந்தக் கடைசி பக்கம் எல்போவுலருந்து அந்த டேங்க் வாய்க்கு மூணு அடின்னு போட்டிருக்க. பைப் இருபத்திமூணு இஞ்சு ரெண்டு நூல்னு எழுதியிருக்க."

"ஆமாங்க."

"எல்போ ஒம்பது, ரெண்டு சந்து, பைப்பு, ஃபிளாஞ்சு. மூணு அடி அதுலயே முடிஞ்சு போச்சு சாமி. கீழ சாமான் லிஸ்ட்டுல கேஸ்கெட் ரெண்டுன்னு எழுதியிருக்க. இந்த ரெண்டாவது கேஸ்கெட்ட எங்க வைப்பாங்க?"

நான் கோப்பைத் திறந்தேன். இருபத்திமூன்று இஞ்சு, ஒரு நூல் என்று மாற்றினேன். அவர் லைனிலேயே இருந்தார், மாற்றிவிட்டாயா என்று இரண்டு முறை கேட்டார். மாற்றியதைத் திரும்ப அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். மறுபடி முதலிலிருந்து கூட்ட ஆரம்பித்தார்.