ஐந்து அங்குல கேஜ் ஒய்பி: பழைய பெயிண்ட்டை உரித்து மறுபடி கறுப்படிக்க

செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை வட்டாரத்தில் மாடல் நீராவி எஞ்சினுக்குப் பெயிண்ட் அடிக்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது காலண்டர். ஆனி, ஆடிச் சாரலில் காற்றில் ஈரம் தாங்காது. அந்த நேரத்தில் சட்டென்று காயும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடித்தால், தின்னர் ஆவியாகும் வேகத்தில் தகடு குளிர்ந்து அதன்மேல் ஈரம் படியும். கறுப்பு வெளுத்துப் பூத்துவிடும். சாரல் ஓய்ந்த நாளிலும் ஆரியங்காவுக் கணவாய்க் காற்று தூசியை வாரி இறைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. ஆக, வண்ணம் அடிக்கத் தோதான மாதங்கள் தை, மாசி, பங்குனி மட்டுமே. மழை மாதங்களில் கழற்றுவது, பித்தளை பாகங்களை உரிப்பது, கோணல் நிமிர்த்துவது ஆகியவற்றை முடித்துக்கொள்ளலாம். இரும்பு பாகங்களை மட்டும் அப்போது தொடாதீர்கள். உரித்த இரும்பு இந்த ஈரத்தில் ஒரே மணி நேரத்தில் செம்மை தட்டும்.

1904 முதல் கணவாய் வழியாக ஓடிய மீட்டர் கேஜ் பாதை 2010-ல் நின்றுபோய், 2018-ல் அகலப்பாதையாகத் திரும்பியது. மீட்டர் கேஜ் நீராவி என்றால் இந்தியாவில் பயணிகள் வண்டிக்கு ஒய்பி, சரக்குக்கு ஒய்ஜி. ஐந்து அங்குல கேஜ் என்றால் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 127 மி.மீ.; மீட்டர் கேஜோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. ஒய்பியின் 1372 மி.மீ. ஓட்டுச் சக்கரம் மாடலில் சுமார் 174 மி.மீ. வரும். இந்த அளவில் எஞ்சின் உண்மையாகவே நெருப்பு மூட்டி, ஆளை இழுத்து ஓடும். அதனால் அலமாரியில் நிற்கும் பொம்மைக்குச் சொல்லும் பெயிண்ட் யோசனைகளில் பாதி இதற்குப் பொருந்தாது. வெப்பம், சிலிண்டர் எண்ணெய், கரித்தூள், கொதிநீர் எல்லாவற்றையும் பெயிண்ட் தாங்கியாக வேண்டும்.

கழற்றும்போது ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனி டப்பாவில் போட்டு, எந்தப் பக்கம், எத்தனையாவது துளை என்று எழுதி ஒட்டுங்கள். பழைய ஆங்கில வரைபடத்தின்படி செய்த எஞ்சினில் பி.ஏ. (பழைய பிரிட்டிஷ் அளவு) திருகுகள் இருக்கும், இங்கே பழுது பார்த்த இடங்களில் மெட்ரிக் திருகு நுழைந்திருக்கும். 6 பி.ஏ.வும் 3 மி.மீ. திருகும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் மாற்றி முறுக்கினால் மரை போய்விடும்.

பாய்லரைச் சுற்றிப் போர்த்திய மேல்தகட்டைக் கழற்றியதும் பெயிண்ட் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு பாய்லரைப் பாருங்கள். தகடு மூடியிருக்கும் வரை கசிவு கண்ணில் படாது. வெள்ளை, பச்சைத் தடம் தெரிந்தால் அங்கே சால்டரிங் விட்டிருக்கிறது. வேலை அழுத்தம் 80 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு) என்றால், காற்றுத் துளி இல்லாமல் குளிர்ந்த நீர் நிரப்பி, கைப்பம்பால் 120 வரை ஏற்றி நிறுத்திப் பார்ப்பது வழக்கம். கம்ப்ரெசர் காற்றால் சோதிக்கவே கூடாது. அழுத்திய காற்றோடு பாய்லர் உடைந்தால் வெடிக்கும், நீர் என்றால் வெறுமனே கசியும். பழைய மாடலில் தகட்டுக்கடியில் சாம்பல் நிற நார் இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உலர்ந்த நிலையில் பிய்க்காதீர்கள். நன்றாக நனைத்து, பையில் கட்டி அப்புறப்படுத்திவிட்டு செராமிக் நார் சுற்றுங்கள்.

உரிக்க இரண்டு வழி. கடையில் கிடைக்கும் பெயிண்ட் ரிமூவர் பலவற்றில் மெத்திலீன் குளோரைடு இருக்கிறது. அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும், உயிருக்கே ஆபத்து. சாதாரண நைட்ரைல் கையுறையைச் சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும். திறந்த முற்றம் இல்லையென்றால் அதை வாங்காமலே இருங்கள். எனக்குப் பிடித்தது காஸ்டிக் சோடாதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் தெறிக்கும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். எனாமல் எண்ணெய் அடிப்படையில் ஆனது, காரம் பட்டால் சோப்பாக மாறிக் கழன்று வரும். எபாக்சி, டூ-பேக் பியூ (இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன்) போன்றவற்றை இது அசைக்காது. அலுமினிய வார்ப்பு எதுவும் இதில் விழக்கூடாது, கரைந்து நுரைத்துவிடும். பித்தளையையும் ஈயப் பற்றவைப்பையும்கூட இரவு முழுக்க ஊறவிடக் கூடாது, ஏனென்றால் துத்தநாகம், வெள்ளீயம், ஈயம் மூன்றையும் காரம் தின்னும். பெயிண்ட் சுருங்கியதும் எடுத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். பழைய அடிப்பூச்சில் செவ்வீயம் (நச்சுள்ள ஈயச் சிவப்பு) இருக்கலாம், அதனால் உலர் உப்புத்தாள் போடாமல் வாட்டர் பேப்பரை நனைத்தே தேய்க்க வேண்டும்.

பின்னால் பெயிண்ட் கொப்பளிப்பது பெரும்பாலும் தகடு தகட்டின் மேல் ஏறும் மூட்டிலும் ரிவெட் ஓரத்திலும்தான். காரமும் சோப்பும் அந்த இடுக்கில் தங்கிவிடும். எஞ்சின் சூடேறும்போது வெளியே கசிந்து பெயிண்ட்டைத் தூக்கும். சுடுநீரில் பிரஷ் போட்டு நாலைந்து முறை அலசி, கொஞ்சம் வினிகர் கலந்த நீரில் ஒரு முறை, மறுபடி சுடுநீர், கடைசியில் 80 டிகிரி ஓவனில் உலர்த்துங்கள். பித்தளையின் கறுப்பைப் போக்க எலுமிச்சை அளவு புளி போதும். பாத்திரம் துலக்குவதுபோல் உப்பு சேர்க்காதீர்கள், இடுக்கில் தங்கும் உப்பு அரித்துக்கொண்டே இருக்கும். புளியிலும் நெடுநேரம் விட்டால் பித்தளை இளஞ்சிவப்பாகும். மேலே இருந்த துத்தநாகம் போய்விட்டது என்று பொருள். அலசி முடித்தபின் வெறுங்கையால் தொடக் கூடாது. துடைக்க பனியன் வேஸ்ட் வேண்டாம், அதில் எண்ணெயும் நூலும் இருக்கும். வெளுத்த பருத்தித் துணியும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் போதும்.

எதற்குப் பெயிண்ட் கூடாது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். ப்ரைமர், மேடுபள்ளம் நிரவும் சர்ஃபேசர், இரண்டு கை (பூச்சு) கறுப்பு எல்லாம் சேர்ந்தால் 0.08 மி.மீ. வரை வரும். ஃபிரேமில் சக்கர அச்சைத் தாங்கும் ஆக்சில் பாக்ஸ் மேலும் கீழும் நகரும் இடத்தில் இடைவெளியே அவ்வளவு இருக்காது, எஞ்சின் இறுகிவிடும். அங்கெல்லாம் டேப். சக்கரம் தண்டவாளத்தில் படும் முகம், கிராங்க் பின், இணைப்புக் கம்பிகள் எல்லாம் பளபளப்பான இரும்பாகவே இருக்கட்டும். மரைத் துளைகளில் கிரீஸ் தொட்ட பழைய திருகைப் போட்டு வையுங்கள்.

பித்தளைக்கும் செம்புக்கும் எட்ச் ப்ரைமர் இல்லாமல் பெயிண்ட் பிடிக்காது. அதிலுள்ள பாஸ்பாரிக் அமிலம்தான் உலோகத்தைக் கவ்வும். 10 மைக்ரான் அளவில், உலோகம் மங்கலாகத் தெரிகிற மாதிரி மெல்லிசாக அடிக்க வேண்டும். தடித்தால் உரிந்து வரும். இரண்டு டப்பா வகையைக் கலந்தால் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். இரும்பு பாகங்களை உரித்த அன்றே ப்ரைமரும் போட்டுவிட வேண்டும்.

மேல் வண்ணத்துக்குச் சின்தெடிக் எனாமலே என் தேர்வு. டூ-பேக் பியூ இதைவிடக் கெட்டி. ஆனால் அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட்டுக்கு வெளிக்காற்று வரும் முகமூடி வேண்டும், சாதாரண கரி மாஸ்க்கை நம்ப முடியாது. தூய கறுப்பு மாடலைப் பொம்மையாகக் காட்டும் என்பதால், பத்துப் பங்கு கறுப்புக்கு ஒரு பங்கு அடர் சாம்பல் சேர்த்து, அரைப் பளபளப்பில் நிறுத்துங்கள். மூன்று பங்கு எனாமலுக்கு ஒரு பங்கு டர்பென்டைன், 0.5 மி.மீ. நாசில், 25 பி.எஸ்.ஐ., 15 செ.மீ. தூரம். என்.சி. தின்னரைக் கலந்தால் அடிப்பூச்சைச் சுருட்டிவிடும். இரண்டாம் கையை அன்றைக்கே சில மணி நேரத்துக்குள் அடியுங்கள், இல்லையென்றால் ஒரு வாரம் பொறுங்கள். நடுவில் அடித்தால் பாதி காய்ந்த தோல் ஊறிச் சுருங்கும். காலை வெயில் ஏறித் தகடு சூடான பிறகு, காற்று எழும்புவதற்குள் வேலையை முடிப்பது நல்லது. விடியற்காலையில் குளிர்ந்த இரும்பில் ஈரம் படிந்திருக்கும். கம்ப்ரெசரில் நீர் பிரிப்பான் இல்லாமல் இந்த ஊரில் ஸ்பிரே கன்னைத் தொடவே வேண்டாம்.

அரை மணி நேரம் ஆறவிட்டு 75 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டால் எனாமல் கெட்டிப்படும். ஈயப் பற்றவைப்பு உருகும் 183 டிகிரிக்கு இது வெகு கீழே. தின்னர் ஈரத்தோடு ஓவனில் வைத்தால் தீப்பிடிக்கும். சமையல் ஓவனை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

புகைப்பெட்டிக்கு மட்டும் சிலிக்கோன் வெப்பக் கறுப்பு, அதுவும் ப்ரைமர் இல்லாமல் சொரசொரப்பான வெற்று இரும்பின் மேல் இரண்டு மெல்லிய கை. சாதாரண ப்ரைமர் அந்தச் சூட்டில் கருகி மேல்பூச்சையும் சேர்த்து உதிர்க்கும். இந்தப் பெயிண்ட் 200 டிகிரி கண்ட பிறகே இறுகும், அதுவரை நகம் பட்டால் கீறும். முதல் நெருப்பை மெதுவாக ஏற்றுங்கள், புகையும் நாற்றமும் வரும். பாய்லர் மேல்தகட்டில் தெறிக்கும் சிலிண்டர் எண்ணெயை அது சூடாக இருக்கும்போதே உலர் துணியால் ஒற்றி எடுங்கள். முதல் மாதம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால், முழுதாக இறுகாத எனாமல் மங்கிப் பிசுபிசுக்கும்.